மாமா ருசித்துச் சாப்பிட்ட தாய் நூடுல்ஸ்

என் மாமனார் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். கால்வெஸ்டன் கடற்கரையை ஒட்டிய சின்ன தாய்லாந்து உணவகம் அது. முள்கரண்டியை ஓரமாக வைத்துவிட்டு, கையாலேயே நூடுல்ஸை அள்ளிச் சாப்பிட்டார். அரை மணி நேரத்துக்கு முன்பு அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர். மாமியார் தவறிய பிறகு, ஆறு மாதம் எங்களோடு இருக்கட்டும் என்று அமெரிக்காவில் நாங்கள் வசிக்கும் இர்விங்குக்கு அழைத்து வந்திருந்தோம். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாத சைவம். வீட்டுக்குள்ளேயே இருந்து அலுத்துப்போவாரே என்று தேங்க்ஸ்கிவிங் விடுமுறையில் காரில் கிளம்பினோம். கட்டிக்கொண்டு போன சப்பாத்தி முதல் நாளே தீர்ந்தது. தயிர்சாதம் மறுநாள் காலையில் வாயில் வைக்க முடியாதபடி புளித்துவிட்டது. பண்டிகை நாளாகையால் போன இடமெல்லாம் கடைகள் மூடிக்கிடந்தன. சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, காலையிலிருந்து நாலு சிப்ஸோடு உட்கார்ந்திருந்தார். "எனக்கு ஒண்ணும் இல்ல மாப்பிள்ளை, நீங்க பாத்து ஓட்டுங்க" என்றார். குரல் குழறியது.

திறந்திருந்தது அந்த ஒரு கடைதான். மற்றவர்களை உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் கல்லாவுக்குப் போய் விசாரித்தேன். கடைக்காரப் பெண்மணி பொறுமையாகவே சொன்னார்: முட்டையை விட்டுவிடலாம், ஆனால் சாஸ் ஏற்கெனவே கலந்து வைத்தது, அதில் மீன் சாஸ் உண்டு. வேண்டாமென்றால் வெறும் சோறும் அவித்த காய்கறியும் தருகிறேன். நான் யோசித்தது ஒரு நிமிடம்கூட இருக்காது. வெறும் சோற்றை இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் போதும் என்று விடுவார் என்று தோன்றியது. உண்மையில் எனக்கும் அலுத்துப்போயிருந்தது. நூடுல்ஸே கொடுங்கள் என்றேன்.

"கேட்டீங்களா? சுத்த வெஜ்தானே?" என்றாள் மனைவி.

"கேட்டுட்டேன். வெஜ்தான்."

மாமா முதல் வாயிலேயே நிமிர்ந்து பார்த்தார். "புளி, வெல்லம், வேர்க்கடலை... நம்ம புளியோதரை மாதிரியே இருக்கே மாப்பிள்ளை." நான் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் தட்டைக் காலி செய்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கூச்சத்தோடு கேட்டார்.

ஊருக்குத் திரும்பியதும் உறவினர்களிடமெல்லாம் இதைச் சொன்னார். போனில் பேசும்போதெல்லாம் என்னிடமும் அந்த நூடுல்ஸை விசாரிப்பார். சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். அடுத்த முறை நேரில் பார்க்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். இரண்டு வருடத்தில் மாரடைப்பில் போய்விட்டார். காரியத்துக்கு வந்தவர்களிடம், அம்மா போன பிறகு அப்பா வயிறார, சந்தோஷமாகச் சாப்பிட்டது அன்றைக்குத்தான் என்று என் மனைவி அழுதுகொண்டே சொன்னாள். அதன் பிறகு யார் வீட்டுக்குப் போனாலும் அந்தக் கதையைச் சொல்வாள்.

இந்த ஆண்டு வசந்த கால விடுமுறையில் சான் அன்டோனியோ போயிருந்தோம். அப்பா நினைவாகத் தாய்லாந்து உணவகத்துக்கே போகலாம் என்றாள் மனைவி. எங்கள் மகளுக்குப் பதினான்கு வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள். பரிமாற வந்தவரிடம், நூடுல்ஸில் மீன் சாஸ் உண்டா என்று விசாரித்தாள். எங்கள் சாஸ் எல்லாவற்றிலும் உண்டு, இந்தச் சமையலே அப்படித்தான் என்றார் அவர்.

"அப்போ அன்னைக்கு அந்தக் கடைல மட்டும் எப்படிங்க இல்லாம பண்ணாங்க?" என்றாள் மனைவி. சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. இன்னொரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். வெறும் சோறு இருந்ததையும் சேர்த்தே சொன்னேன்.

மனைவி தண்ணீர் டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தாள். "அந்தச் சோத்தை அப்பா சாப்பிட்டிருப்பாரு. நீங்க அவரைக் கேக்கவே இல்ல" என்றாள். ஒன்றும் ஆர்டர் செய்யாமல் எழுந்து வந்தோம். ஐந்து மணி நேரம் ஓட்டி வீடு வந்து சேர்ந்தோம். வழியிலும் பிறகும் அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

போன மாதம் மாமாவின் திதிக்கு மனைவியின் தோழி வந்திருந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அங்கிளுக்கு இங்க என்ன சாப்பாடு பிடிச்சிருந்தது?" என்று கேட்டாள்.

"அப்படிப் பெருசா ஒண்ணும் இல்லப்பா" என்றாள் என் மனைவி.