இடுப்பிலிருந்த எண்ணெய் டப்பா

மரக்காணத்தில் பத்து வருஷம் உப்பு வாரிய அஞ்சலாட்சிக்கு ஆஸ்பத்திரி ஐசியூவில் துப்புரவு வேலை கிடைத்தது. கையிலிருந்த வெடிப்பும் கூடவே வந்தது. கை கழுவும் மருந்து பட்டால் பச்சை மிளகாயாய்க் காந்தும். ஆனாலும் அந்த வார்டில் அவளைப் போலக் கை கழுவ ஆளில்லை. டாக்டரானாலும் விடமாட்டாள்.

"கைய கழுவிட்டு அப்பறம் கட்டிலாண்ட போங்க சார்!"

அந்த மாதம், எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி மூன்று நோயாளிகளைப் பிடித்தது. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. துடைத்த கம்பியையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். பார்க்க வந்தவர்களையெல்லாம் சந்தேகப்பட்டு விரட்டினாள்.

கிருமித் தடுப்பு நர்ஸ் முபீனா குழாய், கட்டில், கதவுப்பிடி என்று ஒவ்வொன்றையும் பஞ்சுக்குச்சியால் தடவி லேபுக்கு எடுத்தாள். கடைசியில் அஞ்சலாட்சியின் இடுப்பில் செருகியிருந்த டப்பாவைப் பார்த்தாள்.

"அது என்னாக்கா?"

"தேங்கா எண்ண சிஸ்டர். உப்பளத்துல இருந்தே பழக்கம். கை கழுவுனதும் தொட்டுத் தடவலன்னா எரியுது."

முபீனா அதிலும் ஒரு குச்சியை விட்டாள்.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. கிருமி டப்பாவில்தான் இருந்தது. ஈரம் காயாத விரலை அடிக்கடி விட்டு எடுத்ததில் அங்கே குடியேறியிருந்தது.

"தெரிஞ்சா செஞ்சீங்க? உடுங்கக்கா" என்றாள் முபீனா.

அஞ்சலாட்சி மூன்றாம் கட்டிலையே பார்த்தாள். அங்கே கிருமி பிடித்துக் கிடந்த ராசம்மாளின் காய்ந்த உதட்டில், பாவமென்று, தினமும் எண்ணெய் தொட்டுவைத்தவள் அவள். ராசம்மாளின் மகளையோ, உப்பளத்திலிருந்து நேரே வருகிறாள் என்று, ஒரு வாரமாக வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தாள்.