ஆலுவா பஸ்ஸை மறித்த காலை

மகள் நர்ஸ் வேலைக்கு வெளிநாடு கிளம்பும் நாள். பீர்மேடு தேயிலைத் தோட்டத்திலிருந்து முந்தைய நாளே இறங்கி வந்து, நெடும்பாசேரி விமான நிலையத்துக்குப் பக்கத்து ஓட்டலில் தங்கியிருந்தோம். விமானம் சாயங்காலம்தான். ஆனால் காலை எட்டு மணிக்கு அவளை வேலைக்கு அனுப்பும் ஏஜென்சியிலிருந்து போன் வந்தது. ஒரு கையெழுத்து விட்டுப்போயிருக்கிறதாம். பத்து மணிக்குள் எர்ணாகுளம் ஆபீசுக்கு வரவேண்டுமாம். கூப்பிட்ட இரண்டு டாக்சிகளும் வரவில்லை. மகள் அழத் தொடங்கினாள்.

“எந்திரிடி, பஸ்ல போவோம்,” என்றேன்.

“நேரத்துக்குப் போய்ச் சேர முடியாதும்மா.”

“அழுதுக்கிட்டு உக்காந்திருந்தா மட்டும் சேர்ந்துருவியா?”

ரோட்டில் இறங்கி, வந்த ஆலுவா பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினேன். கொழுந்து கிள்ளும் இடத்தில் பழகிய மலையாளத்தில் கண்டக்டரிடம் வழி கேட்டேன். ஆலுவாவில் மெட்ரோ ரயிலுக்கு மாறச் சொன்னார். அங்கே நகரும் படியைக் கண்டதும் ஓர் அடி பின்வாங்கினேன். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டேன். கீழே கார்கள் நெரிசலில் நிற்க, ரயில் எங்களை மேலேயே கொண்டுபோனது.

ஒன்பதே முக்காலுக்கு ஆபீஸ் வாசலில் நின்றோம். மகள் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, தெருவென்றும் பாராமல் என்னைக் கட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் அவளை வழியனுப்பும்போது அழுவேன் என்றுதான் நினைத்திருந்தேன். சிரித்தபடியே கையசைத்தேன்.