தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு கடல்

எங்கள் தெருத் தையல்காரர் கடலையே அள்ளிவந்து தன் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். ஐந்து குடம் தண்ணீர் பிடிக்கும் கண்ணாடித் தொட்டி அது. கடலுப்பைக் கரைத்து, கல் அடுக்கி, தண்ணீர் பக்குவப்படட்டும் என்று மீன் விடாமலேயே வாரக்கணக்கில் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "தண்ணிக்கு அளவெடுத்து சட்டை தைக்கப் போறீங்களா?" என்று அவர் மனைவி கேலி செய்தாள்.

பிறகு, வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன் ஒன்று வந்தது. அதோடு அவர் பேசாத பேச்சில்லை. தொட்டியில் தண்ணீர் வற்ற வற்ற, அக்கறையாக உப்பு கரைத்த தண்ணீரையே ஊற்றிவந்தார். ஒருநாள் மீன் கல்லுக்குப் பின்னால் ஒதுங்கி, இரையைத் தொடாமல் கிடந்தது. அவருக்கும் சோறு இறங்கவில்லை.

பித்தான் தைத்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "ஏங்க, அடுப்புல கொதிக்கிறது சுண்டிப்போனா மறுபடி உப்பா போடுவாங்க? வத்தினது தண்ணி மட்டும்தானே, உப்பு அப்படியேதான இருக்கு? பிடிச்சு வச்ச நல்ல தண்ணிய ஊத்துங்க. அதுவும் கொஞ்சம் கொஞ்சமா."

அப்படியே செய்தார், மீன் பிழைத்தது. அன்றிலிருந்து, துணி கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் அவருக்கு இதே பேச்சுதான்.

"நான் ஊறுகாய் போடப் பார்த்தேன் சார், உசுரைக் காப்பாத்துனது இவதான். இவ சொல்லி வாய மூடல, மீன் கல்லுக்குப் பின்னாலருந்து துள்ளிக் குதிச்சு வந்துருச்சு!"

ஊசியில் நூல் கோத்தபடியே மனைவி சொன்னாள்: "துள்ளவும் இல்ல, குதிக்கவும் இல்ல. மறுநாள் சாயங்காலம்தான் மெல்ல எட்டிப் பார்த்துச்சு. அதுவரைக்கும் அழுதுகிட்டிருந்தது யாருன்னும் சேர்த்துச் சொல்லுங்க."