கறுப்புக் கண்ணாடி சுவிட்ச்

மங்கலம் ரோட்டில் நாங்கள் கட்டிய வீட்டை முதலில் பார்த்தது இன்ஜினியரின் லேப்டாப்பில்தான். முகப்பில் கோடு கோடாக ஒரு வேலைப்பாடு ஓடியது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சர்க்யூட் பலகையைப் பார்த்து வரைந்த டிசைன் என்றார். சுவிட்சுகள்கூட செல்போன் திரை மாதிரி கறுப்புக் கண்ணாடி. விரல் பட்டால் போதுமாம். மகன் வாயெல்லாம் பல்லாக நின்றான். நானும் பெரிதாகத் தலையாட்டினேன். பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரையில் பார்வை போய் இரண்டு வருஷம். நல்லா இருக்குதுங்க என்று நான் சொன்னதை அவர் நம்பினார்.

அவர் பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். துணியை விரலில் ஒரு தடவை உருட்டினால் என்ன ரகம், எவ்வளவு கனம் என்று சொல்லிவிடுவார். பழைய வாடகை வீட்டில் சுவரைத் தடவிப் போய்த் தன் ஃபேனைத் தானே போட்டுக்கொள்வார். நான் கம்பெனியில் செக்கிங் வேலை முடிந்து வருவதற்குள் வாசல் விளக்கும் எரியும். எதற்கும் யாரையும் கூப்பிடாத வீம்பு பிடித்த மனுஷன். புது வீட்டுச் சுவரில் எல்லாம் ஒரே வழவழப்பு. எங்கே தொடுவது என்று தெரியாமல் வியர்த்து ஒழுக உட்கார்ந்திருப்பார். மாற்றித் தரச் சொல்லி மகனிடம் சண்டை போட்டேன். சுவரையே உடைக்கணும்மா என்றான். கடனில் கட்டிய வீட்டை எப்படி உடைப்பது?

கம்பெனியிலிருந்து வெட்டுத்துண்டுகள் கொண்டுவந்தேன். ஃபேன் சுவிட்சுக்குக் கீழே வரிவரியான ரிப் துணி, வாசல் விளக்குக்குக் கீழே மொசுமொசுவென்ற ஃப்ளீஸ். பசை தடவி ஒட்டினேன். வீட்டின் லுக்கே போச்சு என்று மகன் முகம் சுளித்தான். போனால் போகட்டும் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் எழுந்து சுவரைத் தடவினார். ரிப் கையில் பட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. துணிக்கு மேலே இருந்த கண்ணாடியில் விரலை வைத்தார். ஃபேன் ஓடவில்லை. அழுத்தினார். வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார். கத்தரி பிடித்துக் காய்த்து, தோல் தடித்துப்போன விரல்.

"துணி தெரியுது புள்ள," என்றார். "இந்தக் கண்ணாடிக்கு என்ற வெரலுதான் தெரிய மாட்டேங்குது."

நான் போய்த் தொட்டேன். உடனே ஓடியது.

இப்போது வேலைக்குக் கிளம்பும்போது ஃபேனைப் போட்டுவிட்டே போகிறேன். சாயங்காலம் திரும்பினால் வாசல் இருட்டாக இருக்கிறது. வந்துட்டியா என்று உள்ளேயிருந்து கேட்கிறார். வந்துட்டேனுங்க என்று சொல்லி, நானே விளக்கைப் போடுகிறேன்.