என் ஃபங்ஷன்களின் மேல் அவர் பெயர்

தஞ்சாவூருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் நான் விரிவுரையாளராக இருந்தேன். ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்களில் தண்ணீர் எவ்வளவு வேகமாக, எவ்வளவு தூரம் போகும் என்று கணினியில் கணக்கிடுவதுதான் எங்கள் துறையின் ஆராய்ச்சி. ஆளாளுக்கு முந்தையவரின் புரோகிராமை நகலெடுத்து, அங்கங்கே ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள். கன அடியைக் கன மீட்டராக்கும் ஒரே வரி முப்பது ஃபைல்களில் இருந்தது. சிலவற்றில் தப்பு. எவற்றில் என்று யாருக்கும் தெரியாது.

சகிக்க முடியாமல் நானே உட்கார்ந்தேன். ஒரு வேலைக்கு ஒரு ஃபங்ஷன், அதாவது வேண்டிய இடத்தில் பெயரைச் சொல்லி அழைத்துக்கொள்ளும் சின்னப் புரோகிராம் துண்டு. உள்ளே என்ன கொடுக்க வேண்டும், வெளியே என்ன வரும் என்று ஒவ்வொன்றின் தலைப்பிலும் விளக்கம். கையால் போட்ட கணக்கோடு விடை ஒத்துப்போகிறதா என்று பார்க்க ஒரு சோதனை. வகுப்பும் விடைத்தாளும் போக மிஞ்சிய நேரத்தில், இரண்டு வருஷத்தில், அறுபத்துச் சொச்சம் சேர்ந்தது. அதன் பிறகு துறையில் யாரும் அந்த வரியை மறுபடி எழுத வேண்டியிருக்கவில்லை.

பக்கத்து மேசைக்காரருக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தது. அப்போது மாதம் ஒருவராக அங்கே கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஃபங்ஷன்களை எடுத்துப் போகலாமா என்று கேட்டார். நானே சிடியில் போட்டுக் கொடுத்தேன்.

மறு வருஷம் ஒரு மாணவி, இணையத்தில் நல்ல தொகுப்பு கிடைத்ததென்று அச்செடுத்து வந்தாள். என் ஃபங்ஷன்கள். நான் விட்ட எழுத்துப்பிழைகூட அப்படியே இருந்தது. என் பெயர் இருந்த இடத்தில் மட்டும் அவர் பெயர்.

துறைத் தலைவரிடம் போனேன். அவர் தாளைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"விடுங்கம்மா. அவரு அங்க இருந்தா நம்ம பிள்ளைங்க நாலு பேருக்கு வழி பொறக்கும். உங்க பேரு இருந்து யாருக்கு என்ன ஆகப்போவுது?"

திருடியவர் மேல் வந்த கோபத்தைவிட இந்த வார்த்தை மேல் வந்த கோபம் பெரிது. இன்றும் அது தணியவில்லை.

அமெரிக்கா போனவருக்கே நான் எழுதினேன். பதில் இல்லை. சில மாதம் கழித்து அவரே எழுதினார், வேறு விஷயமாக. தண்ணீர் ஆழம் பூஜ்யம் என்று கொடுத்தால் ஒரு ஃபங்ஷன் விடை தராமல் நிற்கிறதாம், பார்த்துச் சொல்ல முடியுமா என்று. நன்னிலம் பக்கம் என் அப்பா சாகுபடி செய்த கடைமடையில், தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடத்தில், வாய்க்கால் காய்ந்து ஆழம் பூஜ்யமாகக் கிடப்பது எங்களுக்குப் புதிதல்ல. அவர் அமெரிக்கா போன பிறகு அந்தப் பிழையை நான் திருத்தியிருந்தேன்.

என் பெயரைத் திரும்பப் போட்டால் திருத்தியதை அனுப்புகிறேன் என்று எழுதினேன். அவர் போன் செய்தார்.

"சின்னச் சின்ன ஃபங்ஷன்தானேங்க, யாரு வேணா எழுதலாம்."

"அப்ப நீங்களே எழுதிக்கங்க" என்று வைத்துவிட்டேன்.

பிறகு அந்த இணையப் பக்கத்தின் அடியில் நன்றி என்று என் பெயரைச் சேர்த்தார். அதற்கும் நான் அனுப்பவில்லை. கொஞ்ச நாளில் அந்தப் பக்கமே காணாமல் போனது. மன்னிப்பு என்று ஒரு வரி வரவில்லை. திருத்திய தொகுப்பை என் பெயரோடு நானே இணையத்தில் போட்டேன், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற குறிப்போடு.