மிதவைக்கு அந்தப் பக்கம்

சாரங்குக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது படகுத்துறையில் எல்லோருக்கும் தெரியும். படகு ஓட்டுகிறவரைச் சாரங்கு என்பார்கள். இவர் இருபத்தெட்டு வருடமாக ஒரே பயணிகள் படகை ஆற்றின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக ஓட்டிக்கொண்டிருக்கிறார். படகு கரையைத் தொடுவதற்குள் குதிக்கிறவர்களைத் திட்டுவார். கயிற்றைத் தாமதமாக வீசுகிற டிக்கெட்காரரைத் திட்டுவார். திட்ட ஆள் கிடைக்காத நாளில் காற்றைத் திட்டுவார்.

காலை ஏழு இருபது டிரிப்பில் மட்டும் அவர் வாயே திறக்கமாட்டார். எதிர்க்கரையில் ஒரு நீண்ட கல்சுவர் உண்டு. சுவருக்கு மேல் வரிசையாக மாடி வீடுகள். மற்ற சாரங்குகள் ஆற்றின் நடுவே நேராகப் போய்விடுவார்கள். இவர் மட்டும் சுவரை ஒட்டி, கல்லில் படிந்த பாசி தெரிகிற அளவுக்குப் பக்கத்தில் படகைக் கொண்டுபோவார். நாலாவது வீடு வந்ததும் இஞ்சினைக் குறைப்பார். இரண்டாம் மாடி பால்கனியில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பாள். அவள் படகைப் பார்க்கமாட்டாள். இவரும் கையசைக்கமாட்டார். எல்லாம் அரை நிமிடம்தான். பிறகு போன நேரத்தைப் பிடிக்க இஞ்சினை ஒரு முறுக்கு முறுக்குவார். பின்னால் தண்ணீர் நுரைத்துக் கிளம்பிச் சுவரில் போய் அறையும்.

அந்தப் பெண் அவருடைய ஒரே மகள்.

ஒன்பது வருடத்துக்கு முன் அவள் ஒரு பஸ் டிரைவரைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். மாப்பிள்ளையிடம் குறை என்று எதுவும் இல்லை. குடிக்கமாட்டான், அதிர்ந்து பேசமாட்டான். ஆனால் ஆற்றின் மேல் பாலம் வந்து, பாலத்தின் மேல் பஸ் வந்து, படகில் பாதி இருக்கை காலியானதிலிருந்து சாரங்குக்குப் பஸ் என்றாலே ஆகாது. “போயும் போயும் ஒரு பஸ் டிரைவரா?” என்று வீட்டில் குதித்தது போதாமல், படகுத்துறையில் பத்துப் பேர் பார்க்க அவளை நிறுத்தி வைத்துச் சொன்னார்: “இனிமே என் படகுல கால் வைக்காதே.”

அவளும் அவர் பெற்ற பிள்ளைதானே. கண்ணில் நீர் முட்ட, குரல் மட்டும் அசையாமல் பதில் சொன்னாள். “நீங்களா கூப்பிடற வரைக்கும் வைக்கமாட்டேன்பா.”

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ஒன்பது வருடமாகப் பாலத்தின் வழியாகச் சுற்றிப் பஸ்ஸில்தான் போகிறாள், வருகிறாள். அவரும் கூப்பிடவில்லை. முதல் வருடம் கோபத்தில் கூப்பிடவில்லை. அடுத்த வருடம் வீறாப்பில் கூப்பிடவில்லை. அதற்கப்புறம் எப்படிக் கூப்பிடுவது என்றே தெரியாமல் போய்விட்டது. ஆசை மட்டும் வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே வந்தது. பேத்தி பிறந்ததை அவர் அந்தப் பால்கனித் துணிக்கொடியில் தொங்கிய சதுரத் துணிகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். பெண் குழந்தை என்பதை ஒரு குட்டிப் பாவாடை சொன்னது. பள்ளிக்கூடத்தில் சேர்த்ததைச் சீருடை சொன்னது. கொடியைப் பார்த்தே ஒரு குழந்தையை வளர்த்தவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அவர் மனைவி ஞாயிற்றுக்கிழமை தோறும் “கடைக்குப் போயிட்டு வரேன்” என்று கிளம்பிப் போய் சாயங்காலம் வெறும் பையோடு வருவாள். அவர் ஒன்றும் கேட்கமாட்டார். அவள் பாத்திரம் கழுவுகிற சாக்கில் குழாயைப் பார்த்துப் பேசுவாள்: “பாவம், குட்டிக்கு ரெண்டு பல்லு விழுந்துடுச்சு. சிரிச்சா ஜன்னல் திறந்த மாதிரி இருக்கு.” அவர் செய்தித்தாளைத் திருப்பாமல், ஒரே பக்கத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாளில்தான் துறைமுக அலுவலகத்திலிருந்து அறிவிப்பு வந்தது. டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள். எதிர்க்கரைச் சுவரின் அடித்தளம் பழுது. தண்ணீருக்கடியில் டைவர்கள் வேலை செய்வார்கள், மேலே கிரேனில் பாறைகள் தொங்கும். நாற்பத்தைந்து நாளைக்குச் சுவரிலிருந்து நூற்றைம்பது மீட்டருக்குள் எந்தப் படகும் கப்பலும் நுழையக்கூடாது. அதற்கு வெளியேயும் அலை எழுப்பாமல் மெல்லப் போகவேண்டும். படித்ததற்கு அடையாளமாகச் சாரங்குகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். இவர் இரண்டு முறை படித்தார்.

“என்னண்ணே, கையெழுத்து மறந்து போச்சா?” என்றார் டிக்கெட்காரர்.

“நூத்தம்பது மீட்டர் எதுக்கு? அம்பது பத்தாதா?”

“நம்மளைக் கேட்டா போட்டாங்க?”

மறுநாள் காலையில் ஆற்றில் ஆரஞ்சு மிதவைகள் வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன. வேலைப் படகில் நீலமும் வெள்ளையுமான கொடி. கீழே ஆள் இருக்கிறது என்பதற்கு அடையாளம். மிதவைகளுக்கு வெளியே ஒரு காவல் படகு அங்குமிங்கும் சுற்றிக்கொண்டிருந்தது. ஏழு இருபது டிரிப்பில் சாரங்கு மிதவைகளை ஒட்டிப் போனார். அங்கிருந்து பால்கனி ஒரு தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. உள்ளே ஏதோ அசைந்தது. மகளா, துணியா என்று சொல்ல முடியவில்லை. அன்றைக்கு அவர் டிக்கெட்காரரை மூன்று முறை திட்டினார்.

படகின் அலமாரியில் ஒரு பழைய பைனாகுலர் கிடந்தது. ஒரு கண்ணில் பூஞ்சை. அதைத் துடைத்து எடுத்துவைத்துக்கொண்டார். ஆடுகிற படகில் அந்த ஒற்றைக் கண்ணுக்குள் பால்கனி வருவதும் நழுவுவதுமாக இருந்தது. ஒரு நாள் அவளுடைய கை மட்டும் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஓட்டினார்.

எட்டாம் நாள் அதுவும் போயிற்று. பால்கனிக் கம்பி முழுவதையும் மறைத்துக்கொண்டு ஒரு பெரிய சிவப்புப் போர்வை தொங்கியது. அதற்குப் பின்னால் ஆள் இருந்தாலும் தெரியாது. மறுநாளும் அதே போர்வை. அதற்கு மறுநாளும்.

“அந்த நாலாவது வீட்டைப் பாருங்கண்ணே” என்று டிக்கெட்காரர் சிரித்தார். “தினம் போர்வை காயுது. யாரோ படுக்கையிலயே ஆத்தைத் திறந்து விடறாங்க போல.”

சாரங்குக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு ஒன்றுதான் தோன்றியது: மறைக்கிறாள். இத்தனை வருடம் அப்பன் வந்து வேடிக்கை பார்த்ததை அவள் அறிந்தேதான் இருந்திருக்கிறாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, இப்போது தூரமாகப் போனதும் ஒரேயடியாகத் திரை போட்டுவிட்டாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின் போது மனைவியிடம் வாயை விட்டார். “எதுக்கு அந்த வீட்டுல தினமும் அவ்வளவு பெரிய போர்வை?”

“எந்த வீட்டுல?” என்றாள் அவள், முகத்தில் ஒன்றுமே காட்டாமல். “உங்களுக்குத்தான் அந்தக் கரையில எந்த வீடும் தெரியாதே.”

அவர் தண்ணீரை எடுத்துக் குடித்தார். தானே கட்டிய சுவர், தானே முட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இருபதாம் நாள் காலையில் அவருக்குப் புத்தி பிசகியது. போர்வைக்குப் பின்னால் ஒரு தலை தெரிந்தாற்போல் இருந்தது. இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போனால் போதும் என்று கை தானாகச் சக்கரத்தைத் திருப்பியது. படகின் மூக்கு இரண்டு மிதவைகளுக்கு நடுவே நுழைந்தது. காவல் படகு பாய்ந்து வந்தது. அதிலிருந்தவர் ஒலிபெருக்கியில் அலறினார்.

“சாரங்கே! இஞ்சினை நிறுத்து! கீழ மூணு பேர் இருக்காங்க! யார் தலை மேல ஓட்டப் பார்க்கறே?”

அவர் இஞ்சினை நிறுத்தி, படகு நின்றபின் பின்னுக்கு எடுத்தார். படகு நிறையப் பயணிகள் அவரையே பார்த்தார்கள். “நீரோட்டம் இழுத்துடுச்சு” என்றார். ஆறு அன்று தட்டில் ஊற்றிய தண்ணீராக நின்றது என்பது அத்தனை பேருக்கும் தெரியும். இருபத்தெட்டு வருடத்தில் அவர் மேல் எழுதப்பட்ட முதல் புகார் அது.

நாற்பத்தைந்தாம் நாள் வேலை முடிந்தது. மிதவைகளை அள்ளிக்கொண்டு போனார்கள். டைவர்களில் ஒருவர், தாடி வைத்த நடுவயதுக்காரர், ஈரப் பையோடு சாரங்கின் கடைசி டிரிப்பில் ஏறி ஓட்டுமிடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“அன்னிக்கு உள்ள வந்தது உங்க படகுதானே? சத்தம் கீழ நல்லாக் கேட்டுச்சு.”

“தப்புதான்” என்றார் சாரங்கு. அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டு டிக்கெட்காரர் திரும்பிப் பார்த்தார்.

“பரவாயில்ல, யாருக்கும் ஒண்ணும் ஆகலை.” பேச வழியில்லாமல் நாற்பத்தைந்து நாள் தண்ணீருக்கடியில் இருந்த டைவர் இப்போது கொட்டினார். “இந்தச் சுவர்ல ஒரு வேடிக்கை பாருங்க. முழுசும் கெட்டியா இருக்கு. நாலாவது வீட்டுக்கு நேரா முப்பது மீட்டர் மட்டும் அடியில மண்ணே இல்ல. குகை மாதிரி. நான் உள்ள படுத்துத் திரும்பலாம்.”

“எதனால?”

“ஏதோ ஒரு படகு வருஷக்கணக்கா அந்த இடத்துல ஒட்டி வந்து, நின்னு, இஞ்சினை முறுக்கியிருக்கு. ப்ரொப்பெல்லர் தள்ளற தண்ணி அடியில அரிச்சு அரிச்சுத் தின்னுடுச்சு. இன்னும் ஒரு மழைக்காலம் தாங்கியிருக்காது. மேல இருக்கற வீடு பால்கனியோட ஆத்துக்குள்ள வந்திருக்கும்.”

சாரங்கு சக்கரத்தைப் பிடித்தபடி நின்றார். “இனிமே பயமில்லையே?” என்று கேட்டார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

“பாறை போட்டு அடைச்சாச்சு. ஆனா மறுபடியும் அதே மாதிரி யாராவது வந்தா, மறுபடியும் அதே கதைதான்.”

“அது யார் படகுன்னு கண்டுபிடிப்பாங்களா?”

டைவர் அவரை ஒரு பார்வை பார்த்தார். “எங்க வேலை கல்லை வைக்கறதுண்ணே. ஆளைத் தேடறது இல்ல” என்று சொல்லிவிட்டு, படகு கரையைத் தொட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப்போனார்.

அன்றிரவு சாரங்குக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கோபத்தில் மகளைத் தள்ளிவைத்ததுகூட அவரை இப்படி வாட்டியதில்லை. ஆசையாகப் பார்க்கப் போனதே அவள் காலடி மண்ணைத் தின்றிருக்கிறது. வாய்விட்டு ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் தீர்ந்திருக்கும். அதைச் செய்யத் துப்பில்லாமல், திருடனைப் போல் தினம் அரை நிமிடம் எட்டிப் பார்த்து, பிள்ளை குடியிருக்கிற வீட்டைக் கவிழ்க்கப் பார்த்திருக்கிறார். இதை மனைவியிடம் சொன்னார். வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னார். அவள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு முதல் முறையாகக் குழாயை விட்டு அவரைப் பார்த்தாள்.

“இப்ப என்ன செய்யப் போறீங்க?”

“நடு ஆத்துலயே போறேன். இனிமே அந்தப் பக்கம் போகமாட்டேன்.”

“பார்க்காம இருந்துடுவீங்களா?”

அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் காலை நல்ல மழை. மிதவை இல்லை, கொடி இல்லை, காவல் படகு இல்லை. ஏழு இருபது டிரிப் சுவரை நோக்கி நெருங்கியது. பழக்க தோஷம், கை சக்கரத்தை ஒடிக்கப் பார்த்தது. சாரங்கு அதை இழுத்துப் பிடித்து, நூற்றைம்பது மீட்டர் தள்ளியே படகைச் செலுத்தினார், மெல்ல, அலை எழாமல்.

“இன்னிலேர்ந்து திறந்தாச்சுண்ணே” என்றார் டிக்கெட்காரர். “பக்கத்துலயே போகலாம்.”

“தெரியும். வேலையைப் பாரு.”

பார்க்கக்கூடாது என்றுதான் இருந்தார். ஆனாலும் நாலாவது வீடு வந்தபோது தலை திரும்பி, கை பைனாகுலரை எடுத்துவிட்டது. மழைக்குப் பயந்து அந்த வரிசையில் எல்லா வீட்டிலும் துணிகளை உள்ளே எடுத்திருந்தார்கள். ஒரு பால்கனியிலும் ஒரு கைக்குட்டைகூட இல்லை. நாலாவது வீட்டில் மட்டும் அந்தச் சிவப்புப் போர்வை மழையில் தொப்பலாக நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதன் ஒரு ஓரத்தை ஒரு பெண் உயர்த்திப் பிடித்திருந்தாள். இன்னொரு ஓரத்தை, கம்பிக்கு மேல் தலை மட்டும் தெரிகிற ஒரு குட்டி உருவம் பிடித்திருந்தது.

யாராவது மழையில் போர்வை காயப்போடுவார்களா? தூரத்திலேயே போகிற அப்பாவுக்குக் கண் எட்டாது என்று, வீட்டிலேயே பெரிய துணியாக, வீட்டிலேயே சிவப்பான துணியாகப் பார்த்து எடுத்துப் போட்டிருக்கிறாள். அதைப் போய் அவர் திரை என்று நினைத்தார்.

சாரங்கு ஹார்னை அழுத்தினார். நீளமாக, கையை எடுக்காமல் அழுத்தினார். பயணிகள் எதிரே ஏதோ படகு வருகிறது என்று எழுந்து பார்த்தார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே அக்கரைக்கு ஓட்டினார்.

துறையில் கட்டியதும் டிக்கெட்காரரிடம் கையை நீட்டினார். “உன் போனைக் குடு.”

எண் அவருக்கு மனப்பாடம். மனைவியின் போனில் பார்த்துப் பார்த்து, ஒரு தடவைகூட அழுத்தாத எண். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். அந்தப் பக்கம் மழைச் சத்தம் கேட்டது. ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்த மன்னிப்பில் ஒரு சொல்கூட வரவில்லை. இருபத்தெட்டு வருடமாகத் துறையில் நின்று கூவிப் பழகிய வாய்க்கு வேறு எதுவும் தெரியவில்லை.

“படகுல இடம் இருக்கும்மா” என்றார்.

மழைக்கு நடுவே மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“எந்த டிரிப்புப்பா?” என்று கேட்டாள் மகள்.