போன வருஷத்து உப்பு

உப்புத் தரகன் உப்பை விற்பதில்லை. குவித்து மூடிய அம்பாரத்துக்குள் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாததை விற்கிறான். நிலமோ, பழைய வண்டியோ, வரனோ பேசி முடித்துக் கொடுத்தவர்களுக்கு இந்தத் தவிப்பு புரியும். 2005-இல் மரக்காணத்தில் நான் உட்கார்ந்து சாப்பிட்டதாக நினைவில்லை.

கைப்பிடி

கருவாட்டுக்குப் புது உப்பு ஆகாது. கசப்பு நீர் வடிந்திருக்காது, மீன் கசக்கும். ஒரு மழைக்காலம் முழுக்கக் கீற்று மூடிக் கிடந்த உப்புக்குத்தான் நல்ல விலை. பார்வைக்கு இரண்டும் வெள்ளை. அள்ளி இறுக்கினால் புதுசு உள்ளங்கையில் ஒட்டும். ஆனால் அம்பாரத்தின் மேலே வெயில் பட்ட உப்பு புதுசானாலும் ஒட்டாது.

அனுமந்தையில் கருவாடு போடும் சலீம் பாய் மேலேதான் அள்ளிப் பார்ப்பார். நானும் எந்த அம்பாரத்தைக் காட்டினாலும் "போன வருஷ உப்பு பாய்" என்பேன். மூன்றாவது லோடில் அவர் மீன் மொத்தமும் கசந்தது. வந்தார். சத்தம் போடவில்லை, அதுதான் என்னை நிலைகொள்ளவிடாமல் செய்தது.

"இன்னா தரகரே, உங்க ஊர்ல இந்த வருஷம் உப்பே விளையலியா?"

ஊதா

மூட்டை போடும் கொட்டகைக்கு அயோடின் பார்க்கும் அதிகாரி வருவார். அவர் ஜீப் கிளியனூர் தாண்டும்போதே இங்கே போன் வந்துவிடும். அயோடின் கலந்த மூட்டைகள் முன்னால் நகரும். புட்டியிலிருந்து ஒரு சொட்டு விட்டால் உப்பு ஊதாவாகும், பாஸ். ஒருநாள் அவர் பின்வரிசை மூட்டைகளுக்குள் புகுந்து சொட்டு விட்டார். வெள்ளையாகவே கிடந்தது. நான் வாசலுக்கும் கொட்டகைக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

"ஏம்பா, நான் வர்றது பின்வரிசைக்கு மட்டும் தெரியாதா?"

கீற்று

மீன் கசந்த பிறகு பாய் எதையும் நம்பவில்லை. எல்லா அம்பாரத்துக்கும் புது உப்பு விலைதான் கேட்டார். மற்ற உப்பளக்காரர்கள் கொடுத்துவிட்டார்கள். ஏழுமலை மட்டும் மறுத்தார். அவருடையது நிஜமாகவே போன வருஷத்து உப்பு. நான் சத்தியம் செய்தேன். பாய் சிரித்தார். "பிரிச்சுக் காட்டச் சொல்லுங்க."

ஐப்பசி. கடல் பக்கம் கறுத்திருந்தது. ஏழுமலை என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அவரே கீற்றை இழுத்துப் போட்டு, மண்வெட்டியால் நடுவரை வெட்டினார். பாய் உள்ளிருந்து அள்ளி இறுக்கி, விரித்தார். ஒரு மணிகூட ஒட்டவில்லை. தலையாட்டினார். பிறகு அதே புது உப்பு விலையைச் சொன்னார்.

"பாய், கையிலயே பாத்துட்டீங்களே!"

"பாத்துட்டேன். பிரிச்ச அம்பாரத்த இனிமே மழைக்கா விப்பாரு?"

லோடு

மழைக்கு முன்னால் லாரி கிளம்பிவிட்டது. ஏழுமலை அம்பாரம் இருந்த வெறும் தரையில் நின்றார். அடுத்த வருஷம் வாங்க வேறு ஆளைப் பிடிக்கலாம், நல்ல விலைக்குத் தள்ளிவிடலாம் என்று நான் பேசிக்கொண்டே போனேன். அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை.

"எதுக்குங்க ஒரு வருஷம் மூடி வெச்சிகினு? வாரினதுமே வித்துடறேன். போன வருஷத்து உப்புன்னுதான் நீங்க எப்படியும் சொல்லிடுவீங்களே."

அடுத்த பருவத்தில் நான் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் வாரியதுமே புது உப்பு விலைக்கு விற்றுவிட்டார்கள். சொல்லிக் கெடுக்க எங்கள் பக்கத்தில் நல்ல உப்பு எதுவும் மிச்சமில்லை.